துரை பங்களாவுக்கு மட்டும் சோதனை இல்லை

பெல்மோர் தோட்டத்துப் பெரிய துரை றப்பர் பால் தொட்டிக்குள் விழுந்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள். ருவான்வெல்லைக்குப் போகும் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பின் சீட்டில் இரண்டு பள்ளிக்கூட டீச்சர்மார் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் ஒருவருக்கும் டிக்கெட் கிழிக்காமல் அவர்கள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடியோ சின்னதுதான். வெள்ளைச் சட்டையும் கையில் பிரம்புமாகத் துரை தொட்டி ஓரமாக நடக்கிறார். யாரையோ ஏசுகிறார். ஏச்சு உச்சத்துக்குப் போகும்போது கால் வழுக்குகிறது. மறுபடி எழும்பும்போது மீசை உட்பட ஆள் முழுக்க வெள்ளை. எந்தப் புண்ணியவானோ அதற்குத் துள்ளல் பைலாப் பாட்டும் சேர்த்திருந்தான்.

"சிரிச்சு முடிச்சிட்டியா?" என்றார் ஜூலியட் அக்கா.

"இல்லக்கா. பைலா இப்பத்தான் சூடு புடிக்குது."

"தோட்டத்துக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடி முடிச்சிரு. இன்னைக்கு நம்மளக் கூப்புட்டிருக்கிறது அந்த மீசைதான்."

ஜூலியட் அக்காவைப் பற்றி இரண்டு வார்த்தை. கேகாலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், பேக்கரிக்கு மேல் மாடியில் எங்கள் ஒபிஸ். பலகையில் 'துப்பறிதல், கம்பியூட்டர் ரிப்பேர், போட்டோகொப்பி' என்று இருக்கும். வயிறு நிறைவது போட்டோகொப்பியில்தான். அதற்கு முன் அக்கா கொழும்பில் ஒரு கொம்பனியில் நெட்வேர்க் வேலை பார்த்தவர். ஏன் விட்டார் என்று கேட்டால் கேட்கும் ஆளைப் பொறுத்துப் பதில் மாறும். நான் இந்திரகுமார், அவருடைய உதவியாளன். பை தூக்குவதும், அக்கா பேச விரும்பாத இடங்களில் பேசுவதும் என் வேலை.

துரை எங்களை உட்காரச் சொல்லவில்லை. அவர் காதோரத்தில் இன்னும் கொஞ்சம் பால் காய்ந்து ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கூரையைப் பார்த்தேன்.

"கண்டுபுடிக்க ஒண்ணும் இல்ல" என்றார் துரை. சிங்களவர், ஆனால் தோட்டத்துத் தமிழை நன்றாகவே பேசினார். "கம்பியூட்டர் கிளாக்கர் சுகந்தினிதான் வீடியோவ வெளிய அனுப்பினது. நீங்க பாத்து, ஆமான்னு எழுதிக் குடுங்க. பகல் சாப்பாட்டுக்குப் பொறகு நான் அவ வேலைநீக்கக் கடிதத்தில கையெழுத்து வைக்கணும்."

"நாங்க பாத்து, இல்லன்னு எழுதிட்டா?" என்றார் அக்கா.

"ஏன் அப்பிடி எழுதுறீங்க?" என்று துரை உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டார்.

பக்கத்து அறையில் சுகந்தினி இருந்தாள். இருபத்துச் சொச்சம் வயது, சீவி முடித்த தலை, அழுது முடித்த கண்கள். தொழிலாளர் லயத்திலிருந்து வந்து அந்த ஒபிஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான். பெரிய கிளாக்கர் அருளப்பன் ஐயா, நாங்கள் ஏதோ திருட வந்தவர்கள்போல, கம்பியூட்டருக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றார்.

"சாட்சி இதோ இருக்கு மிஸ்" என்று திரையைக் காட்டினார். "போன மாசந்தான் ஹெட் ஒபிஸ் ஆளு வந்து ஃபயர்வோல் பூட்டிட்டுப் போனாரு. எது உள்ள வருது, எது வெளிய போகுதுன்னு எல்லாம் அதுல விழும். பாருங்க. ஸ்டோர் கெமரா வீடியோ. எடுத்த ஆளு சுகந்தினி. பேரே இருக்கு."

பேர் இருந்தது. நான் சுகந்தினியைப் பார்த்தேன்.

"நான் எடுக்கலீங்க" என்றாள் அவள். "என்னைய வேலைய விட்டு நிப்பாட்டினா லயத்து வீட்டையும் விடச் சொல்லுவாங்க. அம்மாவுக்குக் கை ஏலாது, செக்ரோல் சம்பளப் பட்டியல்ல பேரு இல்ல. வீட்டுல தோட்டத்து வேலைக்காரின்னு இருக்கிறது நான் ஒருத்திதாங்க. இதுக்காக அத யாராச்சும் தூக்கி எறிவாங்களா?"

"துரை விழுந்தத நேர்ல பாத்தீங்களா?" என்றேன் நான்.

"இல்லீங்க."

"பாவம்."

அக்கா என் காலை மிதித்துவிட்டு, கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். பழைய சின்னத் திரை. அதில் பாதிதான் தெரிந்தது. அக்கா மௌஸைப் பிடித்துப் படத்தை வலது பக்கமாக இழுத்தார். அங்கே இன்னும் சில கட்டங்கள் ஒளிந்திருந்தன.

"ஐயா, இந்தப் பக்கம் இழுத்துப் பாத்தீங்களா?"

அருளப்பன் ஐயா, இழுக்கலாம் என்பதே தெரியாத முகத்துடன் நின்றார்.

"பேரு சுகந்தினியோடது. ஆனா கேட்ட மெஷினு இந்த ஒபிஸ்ல இல்ல. இது துரை பங்களா லைன்."

அருளப்பன் ஐயா மெல்லிய குரலில், "அப்ப சுகந்தினி பங்களாவுக்குப் போயி எடுத்திருக்கு" என்றார். கட்சி மாறாத மனிதர்.

"பாஸ்வேட் ஒனக்கு மட்டுந்தானே தெரியும்?" என்று அக்கா சுகந்தினியைக் கேட்டார்.

சுகந்தினி தலையைக் குனிந்தாள். அருளப்பன் ஐயா ஜன்னலைப் பார்த்தார். அந்த இரண்டு தலையையும் பார்த்ததும் அக்கா எழும்பிவிட்டார். "குமாரு, ஸ்டோருக்குப் போவோம்."

ஸ்டோரில் றப்பர் பால் நிறுவை நடந்துகொண்டிருந்தது. பால் வெட்டிவிட்டு வந்த பெண்கள் வாளிகளோடு வரிசையில் நின்றார்கள். எல்லோருக்கும் பின்னால், தொட்டியின் சிமெந்து விளிம்பு. நான் மரியாதையாக ஒரு நிமிடம் நின்று அதை வணங்கினேன்.

"அக்காமாரே, சுகந்தினியோட பாஸ்வேட் யாருக்காச்சும் தெரியுமா?" என்று ஜூலியட் அக்கா சும்மா கேட்டார்.

"பெல்மோர் ஒன் டூ த்ரீ!" என்று வரிசை முழுக்கச் சொன்னது.

"பி மட்டும் பெரிய எழுத்து" என்றாள் ஒரு கிழவி, வாளியை இறக்காமலே.

விஷயம் இதுதான். சுகந்தினி தாயை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த வாரம், ஹெட் ஒபிஸுக்குத் தொழிலாளர் வரவு விபரம் போக வேண்டியிருந்தது. அருளப்பன் ஐயாவுக்குக் கம்பியூட்டர் தெரியாது. தோட்டத்தில் எந்தச் சாவியையும் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில், எல்லோர் முன்னாலும், பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் கொடுப்பார்கள். அதுதான் ஒழுங்கு. இதுவும் ஒரு சாவிதானே என்று ஐயா நினைத்தார். கோயில் மைக்செட்டை வாங்கிப் பாஸ்வேட்டை இரண்டு தடவை, எழுத்துக்கூட்டி, "கம்பியூட்டர் தெரிஞ்ச யாராச்சும் ஒபிஸுக்கு வாங்க" என்று அறிவித்துவிட்டார்.

"மேல்பிரிவுக்கும் கேட்டுச்சு" என்றாள் கிழவி. "பங்களாவுக்கும் கேட்டிருக்கும். அன்னைக்குக் காத்து அந்தப் பக்கந்தான் அடிச்சிச்சு."

"அக்கா, சந்தேகப்பட்டியல் தயார்" என்றேன். "பெல்மோர் தோட்டம், நாய்களைத் தவிர."

ஸ்டோர் மூலையில் ஒருத்தி காய்ந்து இறுகிய ஒட்டுப்பால் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வலது மணிக்கட்டு ஒரு பக்கமாக வளைந்து பொருந்தியிருந்தது. சுகந்தினியின் தாய் கருப்பாயி. கை முறிந்த பிறகு பால் கத்தி பிடிக்க முடியாது. அவ்வப்போது கிடைக்கும் கைக்காசு வேலைதான்.

அவளிடம் இருந்தது பட்டன் போன். வீடியோவை இன்னும் பார்க்கவில்லை என்றாள். என்ன அநியாயம் என்று நினைத்து நானே என் போனில் போட்டுக் காட்டினேன். துரை நடந்தார், ஏசினார், விழுந்தார், வெள்ளையாக எழும்பினார். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கருப்பாயி சிரிக்கவில்லை.

"அந்த எடந்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒட்டுப்பால் கூடைக்குக் குனிந்துகொண்டாள்.

திரும்பி நடக்கும்போது, "பாவம், சிரிக்கக்கூடத் தெரியல" என்றேன். ஜூலியட் அக்கா தொட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஒபிஸுக்கு வந்ததும் ஃபயர்வோல் பூட்டிய ஹெட் ஒபிஸ் ஆள் றிஸாத்தைப் போனில் பிடித்தோம்.

"றிஸாத், பங்களா லைன்ல இருந்து வெப்ல எதுவுமே பதிவாகல. ஏன்?"

"அது மிஸ்... துரை ஒரே சத்தம். அவர்ட போனை, அவர்ட லெப்டொப்பை ஆரும் தொறந்து பார்க்கக் கூடாதாம். தன்ட ஜீப் ஹோர்ன் அடிச்சா கேட்ல தடுப்பைத் தூக்கணும், நிப்பாட்டி டிக்கி தொறந்து பார்க்கிற பழக்கம் இங்க இல்ல எண்டார். நானும் பங்களா லைனுக்கு வெப் சோதனை வேணாமெண்டு போட்டுட்டன்."

"எஃப்.டி.பி. சோதனைய மட்டும் ஏன் விட்டுவச்சீங்க?"

"துரை எஃப்.டி.பி. பாவிப்பாரெண்டு ஆர் மிஸ் நெனைச்சா?"

போனை வைத்ததும், "எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்கக்கா" என்றேன்.

"ஃபயர்வோலு கேட் காவக்காரன் மாதிரி. ரெண்டு பாதையில நிக்கிறான். ஒண்ணு வெப். பேஸ்புக்கு, வட்ஸ்அப்பு எல்லாம் அந்தப் பாதை. அதுல போற சாமானெல்லாம் சீல் வச்ச பொதி. ஒடைச்சுப் பாத்து, தன்னோட சீல் வச்சுத்தான் அனுப்ப முடியும். அந்தச் சீல நம்பச் சொல்லி ஒவ்வொரு மெஷினுக்கும் முன்கூட்டியே சொல்லி வைக்கணும். ஒபிஸ் மெஷினுக்கெல்லாம் சொல்லியிருக்கு. துரையோடதுக்கு இல்ல. மத்தது எஃப்.டி.பி., ஃபைல் போற வர்ற பாதை. ஸ்டோர் கெமரா வீடியோ கெடக்கிறது அந்தா அந்தப் பொட்டியில." மூலையிலிருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டினார். "அதுல இருந்து எடுக்கணும்னா இந்தப் பாதையிலதான் எடுக்கணும். இது சீல் இல்லாத பாதை. மூடியில்லாத பால் வாளி. என்ன போகுது, யாரு கேக்குறான்னு காவக்காரனுக்குப் பச்சையாத் தெரியும்."

"அப்ப வீடியோ பங்களாவுக்குள்ள போனது தெரியுது. பங்களாவில இருந்து வெளிய போனது தெரியல."

"நல்லாச் சொன்ன. துரை ஜீப்புல ஏத்தி அனுப்பிட்டாங்க."

பங்களாவில் மூன்று பேர். துரை, அவர் மனைவி தொரசானி, சமையல்கார அப்பு இராமசாமி. மூன்று பேரின் போனும் ஒரே வைஃபையில் என்பதால் ஃபயர்வோலுக்கு மூன்றும் ஒரே ஆள்தான். "துரையே தன்ன ஊர் சிரிக்க அனுப்பியிருக்க மாட்டாரு" என்றேன். "அப்புவுக்குக் கை நடுங்கும். தொரசானி கோயில் தேருக்குத் தவிர பங்களா படி இறங்காதவங்க. யாருமே இல்லாம நம்ம ஃபீஸ எப்பிடி வாங்குறது?"

"மூணு தூண்டில் போடுவோம்" என்றார் அக்கா.

சுகந்தினியைக் கூப்பிட்டு அந்தப் பெட்டிக்குள் மூன்று புது வீடியோக்களைப் போட வைத்தார். பேர்கள் மட்டும் வேறு. 'துரை நடனம்', 'துரை தூக்கம்', 'துரை குளியல்'. மூன்றுக்குள்ளும் இருந்தது எங்கள் கீழ்வீட்டுப் பேக்கரியின் கேக் விளம்பரம்.

முதல் தூண்டில் துரைக்கு. அக்கா அவர் அறைக்குள் எட்டிப் பார்த்து, "சேர், பெட்டிக்குள்ள இன்னொரு வீடியோ கெடக்கு. பேரு துரை நடனம்" என்றார். துரை முகம் வெளுத்தது. "நான் எப்ப ஆடினேன்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு நின்றார். அதற்கு மேல் அவர் அன்று ஒரு வேலையும் செய்யவில்லை என்று நினைக்கிறேன்.

இரண்டாவது என் பங்கு. பங்களா குசினிக்குப் போய் அப்புவிடம் ஒரு பிளேன்டி வாங்கிக் குடித்துக்கொண்டே, துரை ஒபிஸில் தூங்கும் வீடியோ ஒன்று பெட்டியில் இருப்பதாகக் காதில் போட்டேன். "அதுல என்னா தம்பி புதுசு?" என்றார் இராமசாமி அப்பு. ஆர்வமே இல்லை.

மூன்றாவது, வைஃபை பார்க்கிற சாட்டில் ஜூலியட் அக்கா வரவேற்பறையில் தொரசானிக்குச் சொன்னார். துரை பைப்படியில் பால் கழுவும் 'துரை குளியல்'. தொரசானி மெலிந்த, அமைதியான அம்மா. "அனே, பவ்!" என்று பாவப்பட்டாராம். பாவப்பட்ட குரலுக்குள் ஏதோ பதுங்கியிருந்ததாக அக்கா வரும் வழியில் சொன்னார்.

நாங்கள் ஒபிஸுக்கு வந்து கம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. சுகந்தினி விரல்களைப் பின்னிக்கொண்டு நின்றாள். மேசையில் அவளை நீக்கும் கடிதம் தட்டச்சாகி, கையெழுத்துக்கு இடம் விட்டு, காத்திருந்தது.

ஒரு வரி விழுந்தது. பங்களா லைன். பேர் சுகந்தினி. கேட்ட வீடியோ, 'துரை குளியல்'.

"தொரசானி!" என்று கத்திவிட்டேன். அருளப்பன் ஐயா ஓடிவந்து என் வாயைப் பொத்தினார்.

"கேக் விளம்பரம் பாத்துக்கிட்டிருப்பாங்க" என்றேன் அவர் கைக்குள்ளிருந்து. "கேஸ் முடிஞ்சுதுக்கா. பொண்டாட்டி புருசனப் பாத்துச் சிரிச்சிருக்கு. ஒலகத்துல நடக்கிறதுதான்."

"இரு" என்றார் அக்கா.

இன்னொரு வரி விழுந்தது. அதே லைன், அதே பேர். கேட்ட வீடியோவுக்குப் பேர் இல்லை, ஒரு தேதிதான். ஸ்டோர் கெமராவின் பழைய தேதி. அதற்குப் பெட்டி சொன்ன பதில்: அப்படி ஒரு ஃபைல் இல்லை. மறுபடி அதே தேதி. இல்லை. மறுபடியும் கேட்டார்கள். இல்லை.

"குளியலு பாக்க வந்த ஆளு இத ஏன் தேடுறாங்க?" என்றேன்.

சுகந்தினி திரையை நெருங்கி வந்தாள். வாயைக் கையால் மூடிக்கொண்டாள். "அது அம்மா வுழுந்த நாளுங்க. அம்மா கை ஒடைஞ்ச நாளு."

ஜூலியட் அக்கா எழும்பிக் கெமராப் பெட்டியிலிருந்து துரை விழும் வீடியோவை முழுசாகப் போட்டார். பைலா இல்லாமல், சத்தமே இல்லாமல் ஓடியது. "இந்தத் தடவ துரையப் பாக்காதீங்க" என்றார். "தொட்டி ஓரத்தப் பாருங்க."

பார்த்தோம். வழுக்கும் சிமெந்து விளிம்பு. அவ்வளவுதான். பிடிக்க ஒரு கம்பி இல்லை, ஒரு கயிறு இல்லை.

"அம்மா வுழுந்தப்ப என்னா சொன்னாங்க?" என்று அக்கா கேட்டார்.

"தொட்டியச் சுத்திக் கைப்புடிக் கம்பி இருந்திச்சாம். அம்மா குறுக்கு வழியில போக அது மேல ஏறி வுழுந்திருச்சாம். அம்மாவோட கவலையீனம்னு ஹெட் ஒபிஸுக்கு எழுதி அனுப்புனாங்க. அதனால நட்டஈடு ஒண்ணும் கெடைக்கல. அம்மா கம்பியே இல்லன்னு சொல்லிச்சு. யாரும் கேக்கல."

அந்த எடந்தான் என்று கருப்பாயி சொன்னது இப்போதுதான் என் மண்டைக்குள் இறங்கியது. கேகாலை மாவட்டமே பார்த்த வீடியோ அது. ஒருத்தரும் ஓரத்தைப் பார்க்கவில்லை. துப்பறியும் உதவியாளன் என்று பை தூக்கிக்கொண்டு திரியும் நானும் மீசையைத்தான் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

காலையிலிருந்து கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்த சுகந்தினி, அப்போது ஒபிஸ் போனை எடுத்து யாரையும் கேட்காமல் பங்களாவுக்கு அடித்தாள்.

"மேடம், சுகந்தினி பேசுறேன். நீங்க தேடுற ஃபைலு அங்க இல்லீங்க. யாரோ அழிச்சிட்டாங்க. துரை விழுந்தத வெளிய விட்டது நான்தான்னு சொல்லி என்னைய இன்னைக்கு நிப்பாட்டப் போறாங்க." மறுபக்கம் என்ன சொன்னார்களோ தெரியவில்லை. அவள் போனை மெதுவாக வைத்தாள்.

துரை பல்குத்திக்கொண்டே வந்தார். பேனாவை எடுத்தார். "எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன் சேர். வீடியோ போனது ஒங்க பங்களா லைன்ல."

"பொய்! இவ பேரு அங்க இருக்கு!"

"இவ பேரும் பாஸ்வேட்டும் கோயில் மைக்குல போயிருக்கு. அருளப்பன் ஐயாவக் கேளுங்க."

அருளப்பன் ஐயா மேசைக்கு அடியில் விழுந்த ஏதோ ஒன்றைத் தேடக் குனிந்தார். வெகுநேரம் தேடினார்.

"பங்களா லைன சோதனை பண்ணவே ஏலாது!" என்று துரை மேசையில் அடித்தார். "அப்ப எப்பிடித் தெரியும்?"

"நான் சொல்றேன்" என்று வாசலில் ஒரு குரல்.

தொரசானி நின்றிருந்தார். வீட்டுச் செருப்பு, சேலைக்கரை முழுக்கச் சேறு. பின்னால் இராமசாமி அப்பு குடையோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். குடை அப்புவின் தலைக்கு மேல் இருந்தது, தொரசானி நனைந்திருந்தார்.

"நான்தான் எடுத்தேன். நான்தான் பேஸ்புக்கில போட்டேன்" என்றார் தொரசானி.

"ஒயாட்ட பிஸ்ஸுத?" துரைக்குச் சிங்களம் வந்துவிட்டது. பைத்தியமா என்று கேட்டார்.

"இல்ல." தொரசானி தமிழிலேயே பேசினார், எல்லோருக்கும் விளங்க வேண்டும் என்பதுபோல. "கருப்பாயி விழுந்தப்ப அங்க கம்பி இருந்திச்சின்னு நீங்க எனக்குச் சொன்னீங்க. நான் நம்பினேன். ஆஸ்பத்திரிக்கு சூப் கொண்டுபோனேன். கொண்டுபோய், ஏன் கம்பி மேல ஏறினன்னு அந்த மனுசியை ஏசினேன். கட்டுப் போட்ட கையோட அது பேசாம இருந்திச்சு. அப்புறம் நீங்க விழுந்தீங்கன்னு அப்பு சொன்னான். பாக்க ஆசையா இருந்திச்சு. அன்னைக்கு மைக்ல கேட்ட பாஸ்வேட்டப் போட்டு எடுத்துப் பாத்தேன். சிரிச்சேன். வயிறு நோகச் சிரிச்சேன். இன்னொரு தடவ பாத்தேன். கம்பி எங்க?"

துரை பேனா மூடியைக் கழற்றினார்.

"கம்பி இல்லாதத எல்லாரும் பாக்கட்டும்னுதான் போட்டேன். ஆனா ஊரே உங்களத்தான் பாத்திச்சு." அவர் சுகந்தினியின் பக்கம் திரும்பினார். "நான் சூப்போட வந்து ஏசினது... நீயும் அங்கதான் நின்ன."

சுகந்தினி தான் உட்காரும் நாற்காலியைத் துடைத்துத் தொரசானிக்குப் போட்டாள்.

துரைக்குத் திடீரென்று தெம்பு வந்தது. "இது வெளிய போகக் கூடாது. றிஸாத்துக்குச் சொல்லி எல்லாப் பாதையையும் அடைக்கச் சொல்றேன். ஒபிஸ்ல இருந்து ஒரு வீடியோவும் ஹெட் ஒபிஸுக்குப் போகாது!"

"அடைங்க சேர்" என்றார் ஜூலியட் அக்கா. "ஒபிஸ் லைன அடைக்கலாம். ஒங்க லைன அடைக்க ஏலாது. அதுக்குத்தான் சோதனையே இல்லியே."

"நான் பங்களாவில இருந்து அனுப்புறேன்" என்றார் தொரசானி, நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டு. "எனக்கு வழி நல்லாத் தெரியும்."

துரை பேனாவை மூடி போடாமல் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு தன் அறைக்குப் போனார். வெள்ளைச் சட்டையில் நீல மை பரவத் தொடங்கியிருந்தது. அதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

பங்களா வரை போக வேண்டியிருக்கவில்லை. சுகந்தினி உட்கார்ந்தாள். முதலில் பாஸ்வேட்டை மாற்றினாள். திரையைக் கையால் மறைத்துக்கொண்டு மாற்றியதில் அருளப்பன் ஐயாவுக்குச் சின்ன மனவருத்தம். பிறகு முழு வீடியோவை எடுத்து, மேலே ஒரே வரி எழுதினாள்: 'துரையைப் பார்க்க வேண்டாம், தொட்டி ஓரத்தைப் பாருங்கள்.' ஹெட் ஒபிஸில் பாதுகாப்பு பார்க்கும் ஆட்களுக்கு அதை அனுப்பினாள். ஃபயர்வோல் அதை நிறுத்தியது, திறந்து பார்த்தது, குறை ஒன்றும் இல்லை என்று பச்சை விளக்கு காட்டி விட்டது. பெல்மோர் கேட்டில் ஒழுங்காகச் சோதனை நடந்த நாள் அதுதான் என்று அக்கா சொன்னார்.

மேசையில் கடிதம் அப்படியே கிடந்தது. அப்பு ஈரக் குடையை அதன் மேல்தான் வைத்தார்.

"நம்ம ஃபீஸு?" என்றேன்.

"மீசையில ஒட்டியிருந்தா சுரண்டி எடுத்துக்க" என்றார் அக்கா.

நாங்கள் பஸ்ஸுக்கு இறங்கும் வழியில் ஸ்டோர். சுகந்தினி எங்களுக்கு முன்னால் ஓடினாள். கருப்பாயியின் முன் குந்தி உட்கார்ந்து எதையோ வேகமாகச் சொன்னாள். கருப்பாயி வளைந்த கையால் மகளின் கன்னத்தைத் துடைத்தாள். தொரசானியும் அங்கே வந்து நின்றுகொண்டிருந்தார், ஏசத் தெரிந்த அளவுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாமல். கருப்பாயி அவரைப் பார்த்தாள். கூடையைக் கொஞ்சம் தள்ளி, பக்கத்தில் இடம் விட்டாள். தொரசானி சேற்றுச் சேலையோடு உட்கார்ந்தார்.

கருப்பாயி என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"தம்பி, காலையில ஒண்ணு காட்டினீங்களே. அத இன்னொருக்கா போடுங்க."

"பாட்டோடயா, பாட்டு இல்லாமலா?"

"பாட்டோட போடுங்க."

போட்டேன். துரை நடந்தார். ஏசினார். கால் வழுக்கியது. கருப்பாயி முதலில் மூக்கால்தான் சிரித்தாள். பிறகு அடக்க முடியவில்லை. ஒட்டுப்பால் கூடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தொரசானியும் சேர்ந்துகொண்டார்.

"மறுபடி போடுங்க தம்பி" என்றாள் கருப்பாயி. "எனக்கு இப்பத்தானே மொத தடவ."